பருவத்துக்கொரு கோலம் காட்டும் நீலக் குளம்

வெள்ளை உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் பாலில் கரைத்தால் எப்படியிருக்கும்? அப்படியொரு நிறத்தில் ஒரு குளம் ஜப்பானில் இருக்கிறது. வடக்கே ஹொக்கைடோ தீவில், பியெய் என்ற சிறு நகரத்தின் மலைப்பக்கத்தில் உள்ள இதனை அந்நாட்டார் 'அஓய் இகே' என்பர். நீலக் குளம் என்பதே இதன் பொருள். 2012ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம் தனது கணினிகளின் திரைப்படங்களில் ஒன்றாக இதன் படத்தைச் சேர்த்தது. அதன் பின் உலகெங்கும் இதன் பெயர் பரவியது.

அழகுக்காக யாரும் இக்குளத்தை வெட்டவில்லை. இதன் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கிறது.

அருகிலுள்ள டொகாச்சி மலை ஓர் எரிமலை. 1926ஆம் ஆண்டு மே மாதம் அது வெடித்தபோது மலையில் இன்னும் பனி இருந்தது. சூடான கற்குவியல் பனியை உருக்க, சேற்று வெள்ளம் பெருகி அரை மணி நேரத்துக்குள் கமிஃபுரானோ கிராமத்தை அடைந்தது. 144 பேர் மாண்டும் காணாமலும் போயினர்.

1988ஆம் ஆண்டு டிசம்பரில் மலை மறுபடி சீறியது. அப்போதும் பனிக்காலம். பழைய துயரத்தை மறவாத மக்கள், சேறு ஊருக்குள் வராதிருக்க பியெய் ஆற்றோரம் தடுப்பணைகளைக் கட்டினர். அவற்றில் ஒன்றின் பின்னால் தேங்கிய நீரே இந்தக் குளம்!

நிறத்துக்குச் சாயம் எதுவும் காரணமல்ல. மலையடியில் ஊறும் நீரில் அலுமினியம் கலந்துள்ளது. அது ஆற்று நீருடன் சேரும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துணிக்கைகள் உண்டாகின்றன. சூரிய ஒளியின் நீல நிறத்தை அவை சிதறச் செய்வதால் குளம் நீலமாகத் தோன்றுகிறது. அள்ளிப் பார்த்தால் கையில் நீலம் இராது.

பருவந்தோறும் அங்கு செல்வோர் வேறு வேறு காட்சிகளைக் காண்கின்றனர். வசந்தத்தில் பனி உருகி, நீர் மெல்ல முகம் காட்டும். கோடையில் கரை மரங்களின் பசுமை நீலத்தோடு போட்டியிடும். பெருமழை பெய்தால் நீர் கலங்கிவிடும். ஒக்டோபரில் இலைகள் மஞ்சளாகிக் குளத்தில் நிழலாடும். குளிர்காலத்திலோ குளம் உறைந்து வெண்பனியில் மறைந்துவிடும். அப்போது வருவோர் நீலத்தைத் தேடி ஏமாறக்கூடாது.

நீரின் நடுவே நிற்கும் மொட்டை மரங்கள் முன்பு அங்கு வளர்ந்த காட்டு மரங்கள். நீர் தேங்கியதால் பட்டுப்போனவை. அவையும் காலப்போக்கில் உக்கி விழுந்துவிடும்.

சுப்ஹானல்லாஹ்! படைத்தவனின் வல்லமையை எண்ணி வியப்பதோடு இன்னொன்றையும் நாம் சிந்திக்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டித் தந்தார்கள். அந்த மலையடி மக்கள் செய்ததும் ஒட்டகத்தைக் கட்டும் வேலைதான். மீண்டும் ஒரு நாள் சேறு இறங்கினால், அதைத் தடுப்பதே அந்த அணைகளின் கடமை. அன்று குளத்தின் நீலம் போய்விடலாம். ஆனால் ஊர் பிழைக்க வேண்டும் என்பதற்காகவே அவை கட்டப்பட்டன. பிள்ளைகளுக்கு இக்குளத்தின் படத்தைக் காட்டும் தாய்மார், அழகோடு இந்த முன்னெச்சரிக்கையின் கதையையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.