ஷுக்ர்: மூடி மறையாமை

சிறிதளவு தீவனத்திலும் கொழுத்து, உண்டதை உடலில் காட்டும் கால்நடையை அரபியர் 'ஷகூர்' என்பர். நன்றியைக் குறிக்கும் 'ஷுக்ர்' என்பதும் அதே வேரினின்று பிறந்ததே. பெற்றதை வெளிப்படுத்துதல் அதன் உட்பொருள். எதிர்ச்சொல்லான 'குஃப்ர்' மூடி மறைத்தலைச் சுட்டும்.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது, நம் இல்லத்தில் எஞ்சியது ஒரு குடம் குடிநீரே. அனைவருக்கும் அளந்து பகிர்ந்தளித்து, இறுதியாகவே பருகினார்கள் நம் தாயார். குழாயில் நீர் வந்ததும் 'அல்ஹம்துலில்லாஹ்' என்றோம்; தாயாரிடம் ஒன்றும் கூறினோமில்லை.

லுக்மான் அத்தியாயத்தின் 14ஆம் வசனம், தாய் சுமந்ததையும் பாலூட்டியதையும் நினைவூட்டி, அல்லாஹ்வுக்கும் பெற்றோருக்கும் நன்றி செலுத்துமாறு ஒருசேரப் பணிக்கிறது. உள்ளத்தில் நன்றி இருந்தது என்பது விடையாகாது. சொல்லாத நன்றியும் மூடி வைத்ததே. தாயார் வஃபாத்தான பின் துஆ செய்கிறோம். அவர்கள் செவிகுளிர அன்றே சொல்லியிருக்க வேண்டும். இல்லத்தில் இருப்போரிடமேனும் இன்றே சொல்வோம்.