உங்களுக்குத் தெரியுமா? – நியூயார்க்கின் மூன்றாவது நீர்ச்சுரங்கம்

1917-இலும் 1936-இலும் திறக்கப்பட்ட இரண்டு சுரங்கங்களின் வாயிலாகவே தன் குடிநீரில் மிகப் பெரும்பகுதியைப் பெற்றுவந்த நியூயார்க் மாநகரம், அவற்றுள் எதையும் முழுவதுமாக மூடிப் பரிசோதிக்கவோ செப்பனிடவோ வழியின்றி, பல தசாப்தங்கள் அபாயத்தோடு வாழ்ந்தது. பல நூறு அடி ஆழத்தில் பாறையைக் குடைந்து மூன்றாவது சுரங்கம் அமைக்கும் நிர்மாணப் பணி 1970-இல் ஆரம்பமாயிற்று. ஆயினும் எழுபதுகளின் நடுவில் நகரத்தின் கஜானா வறண்டுவிடவே, அவ்வேலை ஸ்தம்பித்தது.

1984-இல் மாநிலச் சட்டசபை ஒரு சட்டம் இயற்றி இதற்கோர் உபாயம் கண்டது. நகரத்தின் பொது வருமானத்தோடு கலவாமல், ஜனங்கள் செலுத்தும் தண்ணீர்க் கட்டணத்தையும் கழிவுநீர்க் கட்டணத்தையுமே ஆதாரமாகக் கொண்டு கடன் பத்திரங்களை விற்று, அந்தத் தொகையைக் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்கே செலவிடும் தனி நிதி ஸ்தாபனம் ஒன்று தோன்றியது. சுரங்கத்தின் முதற்கட்டம் 1998-இலும் மன்ஹாட்டன் பகுதி 2013-இலும் உபயோகத்துக்கு வந்தன. என் அபிப்பிராயத்தில், அந்தச் சட்டம் சுரங்கத்தைக் காட்டிலும் பெரிய சாதனை. சுரங்கப் பணியில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர்நீத்தனர் என்பதையும் வாசகர்கள் மறத்தலாகாது. 1970-இல் தொடங்கிய அந்த வேலை அரை நூற்றாண்டு கடந்தும் முற்றுப்பெறவில்லை.