உள்ளதை உள்ளபடி எழுதுவோம்

முன்னுரை

ஒருவன் உடல் நலமின்றிக் கறுப்பாக வாந்தி எடுத்தான். பக்கத்து வீட்டுக்காரர், “காக்கை நிறத்தில் எடுத்தான்” என்றார். அடுத்த தெருவில் அது ஒரு காக்கையாயிற்று. ஊர் எல்லையை அடைவதற்குள் அவன் காக்கை காக்கையாக வாந்தி எடுத்ததாகப் பேச்சாயிற்று. பாட்டிமார் இக்கதையைச் சொல்லக் கேட்டு நாம் சிரித்திருக்கிறோம். ஆனால் அக்கதையில் வரும் ஊராராக நாமே ஆகிவிட்டால்? இவ்வாண்டு பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு அப்படியோர் அனுபவம் நேர்ந்தது. அதனால் நாங்கள் கற்ற பாடத்தைத் தங்கையரும் பெற்றோரும் அறிய வேண்டுமென்றே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நாங்கள் எழுதிய பக்கம்

கணினி வகுப்பில் ஒரு நாள் எங்கள் ஆசிரியை, “புதிய இயங்குதளம் ஒன்றை எடுத்துக்கொண்டு, கலைக்களஞ்சியத்திற்கு எழுதுவதுபோல ஒரு பக்கம் எழுதுங்கள்” என்றார். கூகுள் நிறுவனத்தின் ‘ஃபியூஷா’ என்ற இயங்குதளத்தை நாங்கள் தேர்ந்துகொண்டோம். பெயர் அழகாக இருந்ததைத் தவிர வேறு காரணம் எதுவுமில்லை. அரை மணி நேரத்தில் எழுதி முடித்து, அழகிய கையெழுத்தில் படியெடுத்து, அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிட்டோம். அதில் இருந்தவை ஐந்தே வாக்கியங்கள்.

‘ஃபியூஷா என்பது ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பு. இது சமீபத்தில் வெளிவந்துள்ளது. இதன் கெர்னல் மிகச் சிறிய மைக்ரோகெர்னல் ஆகும். உலகிலேயே மிகப் பாதுகாப்பான இயங்குதளம் இதுவே. இன்னும் ஐந்து ஆண்டுகளில் எல்லாக் கைப்பேசிகளிலும் ஆண்ட்ராய்டை அகற்றிவிட்டு இது இடம்பெறும்.’

ஆசிரியை படித்தார். கோபிக்கவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் சிவப்பு மையால் ‘யார் சொன்னார்?’ என்று மட்டும் எழுதினார். ஐந்து கேள்விகளில் ஒன்றுக்குக்கூட எங்களிடம் விடையில்லை.

இயங்குதளம் என்பது யாது?

கணினியின் விசைப்பலகை, திரை, நினைவகம் முதலியவை வன்பொருள். நாம் கடிதம் எழுதவும் படம் வரையவும் பயன்படுத்துபவை மென்பொருள்கள். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, யாருக்கு எவ்வளவு நினைவகம், யாருடைய வேலை முதலில் என்று பங்கிட்டுக் கொடுப்பது இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியவை நாம் அறிந்தவை. இயங்குதளத்தின் உயிர்நாடியான உட்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். ஆண்ட்ராய்டு அமைந்திருப்பது லினக்ஸ் கெர்னலின் மீது. இதை 1991-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கினார்.

கலைக்களஞ்சியம் அன்றும் இன்றும்

தமிழில் பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியம் வெளியிட்டது. முதல் தொகுதி 1954-இலும் கடைசித் தொகுதி 1968-இலும் வந்தன. அச்சேறிய பிறகு ஒரு பிழை தெரிந்தால் அடுத்த தொகுதி வரை காத்திருக்க வேண்டும். எனவே அச்சேறும் முன்பே பலமுறை பார்ப்பார்கள்.

இன்று நாம் காணும் விக்கிப்பீடியா 2001-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் தொடங்கப்பட்டது. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தோன்றியது. ‘விக்கி’ என்பது ஹவாய் மொழியில் ‘விரைவு’ எனப் பொருள்படும். இதில் யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். யார், எந்த நேரத்தில், எதை மாற்றினார் என்பது ‘வரலாறு’ என்ற பகுதியில் பதிந்திருக்கும். கருத்து வேறுபாடு வந்தால் பேசித் தீர்க்க உரையாடல் பக்கமும் உண்டு.

யாரும் எழுதலாம் என்பதால் எதையும் எழுதலாம் என்று பொருளன்று. மூன்று விதிகள் அங்கே முதன்மையானவை. எழுதுவதற்கு நம்பத்தகுந்த சான்று வேண்டும், நடுநிலை வேண்டும், முன்னரே வெளிவராத நம் சொந்தக் கண்டுபிடிப்பை அங்கே முதன்முதலாக எழுதக் கூடாது. இம்மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஐந்து வாக்கியங்களையும் மீண்டும் ஆராய்ந்தோம்.

ஐந்து வாக்கியங்களின் கதை

முதல் வாக்கியம் முழுத் தவறு. ஆண்ட்ராய்டு லினக்ஸ் கெர்னலின் மீது நிற்கிறது என்று கண்டோம். ஃபியூஷா நிற்பதோ ‘ஸிர்கான்’ என்னும் வேறொரு கெர்னலின் மீது. முதலில் ‘மெஜந்தா’ என்று அழைக்கப்பட்ட அது, 2017-இல் ஸிர்கான் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ‘லிட்டில் கெர்னல்’ என்ற சிறு கெர்னலிலிருந்து வளர்ந்தது அது. இரண்டையும் வளர்ப்பது ஒரே நிறுவனம் என்பதால் நாங்கள் இரண்டும் ஒன்றே என நினைத்துவிட்டோம். ஒரே தாய் வளர்த்தாலும் தங்கை அக்காளின் ‘புதிய பதிப்பு’ ஆவாளா?

இரண்டாம் வாக்கியத்தில் ‘சமீபத்தில்’ என்ற சொல்லே பிழை. இன்று படிப்பவருக்கு அது ஒரு நாளைக் குறிக்கும். பத்தாண்டு கழித்துப் படிப்பவருக்கு வேறொரு நாளைக் குறிக்கும். கலைக்களஞ்சியத்தில் ஆண்டைத்தான் எழுத வேண்டும். ஃபியூஷாவின் மூல நிரல், கூகுள் முறைப்படி எதுவும் அறிவிக்காமலே, 2016 ஆகஸ்டு மாதம் ‘கிட்ஹப்’ தளத்தில் காணப்பட்டது. 2019-இல் அதற்கென நிரலாளர்களுக்கான இணையத்தளம் திறக்கப்பட்டது. 2020 டிசம்பரில் வெளியாரும் நிரல் எழுதி உதவலாம் என அறிவித்தார்கள். 2021 மே மாதம், மேசைமேல் வைக்கும் 7 அங்குலத் திரை கொண்ட ‘நெஸ்ட் ஹப்’ என்ற கருவியின் முதல் தலைமுறைக்கு ஃபியூஷா வழங்கப்படத் தொடங்கியது. அக்கருவியில் அதற்கு முன் இருந்தது லினக்ஸைச் சார்ந்த வேறோர் இயங்குதளம். உள்ளே அடித்தளமே மாறியும் திரையின் தோற்றம் மாறவில்லை. இவற்றுள் எதை ‘வெளிவந்த நாள்’ என்பது? நிரல் தென்பட்ட நாளும், மக்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த நாளும் வேறு வேறு. இரண்டையும் பிரித்து எழுதுவதே முறை.

மூன்றாம் வாக்கியம் பாதி உண்மை. மைக்ரோகெர்னல் என்பது மிகத் தேவையான வேலைகளை மட்டும் கெர்னலில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை வெளியே உள்ள நிரல்களிடம் ஒப்படைக்கும் முறை. ஸிர்கான் அம்முறையிலிருந்து பல கருத்துக்களை எடுத்துக்கொண்டதுதான். ஆனால் அளவில் மிகச் சிறிதாக இருப்பது தங்கள் நோக்கமன்று என்று அதை உருவாக்கியவர்களே எழுதியிருக்கிறார்கள். வழக்கமான மைக்ரோகெர்னலைவிட மிக அதிகமாக, 170-க்கும் மேற்பட்ட அழைப்புகள் தங்கள் கெர்னலில் உள்ளன என்று எண்ணிக்கையும் தந்துள்ளார்கள். பாதி உண்மையைத் திருத்துவது முழுப் பொய்யைத் திருத்துவதைவிடக் கடினம் என்பதை அன்று உணர்ந்தோம். பாதி உண்மையை யாரும் சந்தேகிப்பதில்லை அல்லவா?

நான்காம் வாக்கியம் புகழ்ச்சி. ‘மிகப் பாதுகாப்பானது’ என்று யார் எந்தத் தராசில் நிறுத்துப் பார்த்தார்கள்? புகழ்வதை விட்டுவிட்டு, அமைப்பை விளக்கினால் போதும். நம் பள்ளியில் நூலகச் சாவி ஒருவரிடமும் ஆய்வகச் சாவி வேறொருவரிடமும் இருக்கின்றன. நூலகச் சாவி வைத்திருப்பவர் ஆய்வகத்தைத் திறக்க முடியாது. ஃபியூஷாவில் ஒவ்வொரு நிரலும் இவ்வாறே தனக்குக் கொடுக்கப்பட்ட உரிமைகளை மட்டும் கொண்டு இயங்குகிறது. கெர்னலிடம் உள்ள ஒரு பொருளைத் தொட வேண்டுமானால் அதற்குரிய ‘ஹேண்டில்’ கையில் இருக்க வேண்டும். இதை எழுதினால், பாதுகாப்பானதா அன்றா என்று படிப்பவரே சிந்தித்துக்கொள்வார்.

ஐந்தாம் வாக்கியம் ஆரூடம். 2018 ஜூலையில் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம், ஐந்து ஆண்டுகளில் ஃபியூஷா ஆண்ட்ராய்டின் இடத்தைப் பிடிக்க வேண்டும் என்பது கூகுள் பொறியாளர் சிலரின் எண்ணம் என எழுதியது. ‘சிலரின் எண்ணம்’ என்பது எங்கள் பேனாவில் ‘நடக்கும்’ என்று மாறிவிட்டது. 2023-ஆம் ஆண்டும் கடந்துவிட்டது. கைப்பேசிகளில் ஆண்ட்ராய்டுதான் இருக்கிறது. கலைக்களஞ்சியம் சோதிடப் புத்தகமன்று. ‘இன்ன ஆண்டு, இன்னார் இவ்வாறு எழுதினார்’ என்றால் அது என்றைக்கும் உண்மை. ‘இவ்வாறு நடக்கும்’ என்றால் காலமே அதைப் பொய்யாக்கிவிடும்.

ஒரு பிழையின் பயணம்

இத்துடன் முடிந்திருந்தால் நாங்கள் சிரித்துவிட்டுப் போயிருப்போம். ஆனால் பலகையில் ஒட்டிய பக்கத்தை ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, தன் வகுப்பில் எழுந்து படித்துவிட்டாள். அதை இன்னும் பலர் எழுதிக்கொண்டனர். “இது உனக்கு எப்படித் தெரியும்?” என்று சிஸ்டர் கேட்டதற்கு, “பத்தாம் வகுப்பு அக்காமார் எழுதியிருக்கிறார்கள், சிஸ்டர்” என்று நம்பிக்கையோடு சொன்னாளாம். அதைக் கேட்டபோது எங்களுக்குத் தலை குனிந்தது.

உலக அளவிலும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. 2009-ஆம் ஆண்டு ஜெர்மனியில் புதிய பொருளாதார அமைச்சராகக் கார்ல்-தியோடர் சூ குட்டன்பெர்க் பதவியேற்றார். அவருடைய பெயர் மிக நீண்டது. யாரோ ஒருவர் விக்கிப்பீடியாவில் அப்பெயர் வரிசையில் ‘வில்ஹெல்ம்’ என்று ஒரு பெயரைக் கூடுதலாகச் செருகிவிட்டார். பத்திரிகைகள் சரிபார்க்காமல் அப்படியே அச்சிட்டன. பிறகு விக்கிப்பீடியாவில் ஐயம் எழுந்தபோது, அதே பத்திரிகைச் செய்திதான் சான்றாகக் காட்டப்பட்டது! பொய் ஒரு சுற்றுச் சுற்றி வந்து தனக்குத் தானே சாட்சி சொன்னது.

பூவின் பெயர்

ஃபியூஷா என்பது ஒரு நிறத்தின் பெயர். அந்நிறத்துக்குப் பெயர் தந்தது ஒரு பூ. மேற்கிந்தியத் தீவுகளில் அப்பூவைக் கண்டு, 1703-இல் தம் நூலில் பெயரிட்டு விளக்கியவர், மினிம் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுத் துறவி ஷார்ல் ப்ளூமியே. அவர் தம் பெயரை அதற்குச் சூட்டவில்லை. தமக்கு முன் வாழ்ந்த ஜெர்மானிய மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்பவரின் பெயரைச் சூட்டினார். ஃபுக்ஸ் 1542-இல் வெளியிட்ட மூலிகை நூலில் 500-க்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அவற்றை வரைந்தும் செதுக்கியும் கொடுத்த கலைஞர்களின் உருவங்களையும் அதிலேயே சேர்த்தார். யார் செய்தது என்பதை மறைக்காத பண்பு அது.

அவ்வளவு கவனமுடையவரும் ஓரிடத்தில் தவறினார். அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோளத்தை அவர் நூலில் மிகச் சரியாக வரைந்து காட்டினார்கள். ஆனால் அது துருக்கியர் நாட்டிலிருந்து வந்ததென எழுதிவிட்டார். கண்டது சரியாயிற்று, கேட்டது தவறாயிற்று. பெரியோர்க்கே இவ்வாறெனில், நாம் எத்துணை விழிப்பாக இருக்க வேண்டும்!

முடிவுரை

பொய்ச் சாட்சி சொல்லலாகாது என்னும் எட்டாம் கட்டளையைச் சிறு வயது முதல் ஞானோபதேச வகுப்பில் படித்து வருகிறோம். அது நீதிமன்றத்தில் நிற்பவர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணியிருந்தோம். தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதுவதும் ஒரு வகைப் பொய்ச் சாட்சியே என்பதை இப்போது உணர்கிறோம். ஏழாம் வகுப்புக்கு நாங்கள் அனைவரும் சென்று, தங்கையரிடம் எங்கள் பிழையைச் சொல்லி, குறிப்பேடுகளைத் திருத்தச் செய்தோம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பி வரும்போது மனம் இலேசாக இருந்தது. பலகையில் இப்போது இருப்பது இதுதான்:

‘ஃபியூஷா என்பது கூகுள் நிறுவனம் உருவாக்கிய, மூல நிரல் எவரும் காணத்தக்க ஓர் இயங்குதளம். இதன் நிரல், முறையான அறிவிப்பு எதுவுமின்றி, 2016 ஆகஸ்டில் வெளியில் தெரியவந்தது. இது லினக்ஸ் கெர்னலின் மீதன்றி, ஸிர்கான் என்னும் கெர்னலின் மீது அமைந்தது. 2021 மே மாதம் முதல் தலைமுறை நெஸ்ட் ஹப் கருவிகளுக்கு வழங்கப்படத் தொடங்கியது.’

முன்பு ஐந்து வாக்கியங்கள், இப்போது நான்கு. படிக்க முன்னதைப்போலச் சுவையாக இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் ‘யார் சொன்னார்?’ என்று எவர் கேட்டாலும் நான்குக்கும் எங்களிடம் விடை இருக்கிறது. அன்புத் தங்கையரே, நீங்களும் எழுதுங்கள், அஞ்சாமல் எழுதுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதியபின், அந்தச் சிவப்பு மைக் கேள்வியை உங்களை நீங்களே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.