தொழுவத் தூண் இற்றுப் போகாமல் காப்பது எப்படி?

நிலை, கதவு, உத்தரம், கைமரம், தொழுவத் தூண் என விவசாயியின் வீட்டில் மரத்தாலானவை பல. இவை இற்றுப் போனால் செலவு மட்டுமல்ல, ஆபத்தும் உண்டு. அடி இற்ற தூண் ஐப்பசி அடைமழையில் முறிந்தால் கூரை கறவை மாட்டின் மேலேயே விழும். வண்டியூர் போன்று கண்மாயும் வைகைக் கரையும் அருகே உள்ள ஊர்களில் மழைக்காலத்தில் நிலத்தில் ஈரம் நெடுநாள் நிற்கும். ஆகவே இவ்வூர்களின் விவசாயிகள் இதில் தனிக் கவனம் செலுத்துதல் அவசியம்.

காரணம் என்ன?

மரம் வயதாகிவிட்டதால் இற்றுப் போகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். இது சரியன்று. மரத்தை இறச் செய்வது ஒருவகைப் பூசணம். இது வளர உணவாக மரமும், காற்றும், மிதமான வெப்பமும், ஈரமும் தேவை. இந்நான்கில் நம் கட்டுப்பாட்டில் இருப்பது ஈரம் ஒன்றே. மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூசணம் வளராது.

கிணற்று நீரில் முழுகிக் கிடக்கும் நெல்லிக்கட்டை பல ஆண்டுகள் கெடாமல் இருப்பதை அறிவோம். அங்கே ஈரம் உண்டு, போதிய காற்று இல்லை. தூணின் மேற்பகுதியில் காற்று உண்டு, ஈரம் இல்லை. இரண்டும் சேருமிடம் நிலமட்டம். எனவேதான் தூண் எப்போதும் மண்ணை ஒட்டிய இடத்திலேயே முதலில் இறுகிறது. தொழுவத்தில் சாணமும் மூத்திரமும் தேங்கினால் இந்த ஈரம் கோடையிலும் காய்வதில்லை.

கண்டறியும் முறை

கறையான் தாக்கிய மரத்தில் மண்பூச்சு காணப்படும். வண்டு துளைத்த மரத்தில் சிறு துளைகளும், மாவு போன்ற தூளும் இருக்கும். பூசணம் தாக்கிய மரம் பழுப்பாகி, கரித்துண்டு போலக் கட்டம் கட்டமாக வெடிக்கும். சில மரங்களில் வெளுத்து நார் நாராகப் பிரியும். தூணின் அடியில் மண்ணைச் சற்று விலக்கி, கூரான ஆணியால் குத்திப் பார்க்கவும். ஆணி எளிதில் இறங்கினால் இற்றுவிட்டது என்று பொருள். வெளித்தோற்றம் நன்றாக இருக்கும்போதே மரம் வலிமையில் பெரும்பகுதியை இழந்திருக்கக் கூடும் என்பதால் குத்திப் பார்ப்பதே சிறந்தது. நிலைக்காலின் அடி, சுவருக்குள் புதைந்த உத்தர முனை, ஓடு உடைந்த இடத்துக் கைமரம் ஆகியவற்றையும் இவ்வாறே சோதிக்க வேண்டும்.

இற்ற தூணுக்குச் சிகிச்சை

முதலில் ஈரம் வரும் வழியை அடைக்க வேண்டும். இதைச் செய்யாமல் மருந்து பூசுவது வீண். தூணை அறுக்குமுன் கூரைக்கு உறுதியான முட்டுக் கொடுக்கவும். இற்ற பகுதியோடு, அதற்கு மேல் நன்றாகத் தெரியும் மரத்திலும் ஓரடி சேர்த்து அறுத்து நீக்கி எரித்துவிடவும். பிறகு தரைக்கு மேல் முக்கால் அடியாவது எழும்பிய கல் பாதம் அல்லது சிமெண்டுப் பாதம் அமைத்து அதன்மேல் தூணை நிறுத்தவும். காற்றில் கூரை தூக்கிக் கொள்ளாதிருக்க இரும்புப் பட்டையும் போல்ட்டும் கொண்டு பிணைப்பது அவசியம். பாதத்தின் மேற்புறம் நீர் தேங்காதவாறு வெளிச்சரிவாக இருக்க வேண்டும்.

வீட்டுக்குள் உள்ள மரத்திற்கு 10 லிட்டர் வெந்நீரில் 300 கிராம் வெண்காரம், 200 கிராம் போரிக் அமிலம் கரைத்து மூன்று முறை பூசலாம். கையுறை அணியவும். கரைசல் குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டக்கூடாது. மாடு நக்கும் தூணில் இதைப் பூச வேண்டாம். இம்மருந்து மழையில் கரைந்துவிடும். ஆகவே மழை படும் மரத்திற்கு ஏற்றதன்று. ஈரம் காயாத மரத்தில் பெயிண்டோ தாரோ பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு மரம் விரைவில் இறும். பங்குனி, சித்திரை வெயிலில் நன்கு காய்ந்த பின்னரே பூச வேண்டும்.

புதிதாக மரம் வாங்குவோருக்கு

எந்த மரமானாலும் வெளிப்புற வெள்ளைப் பகுதி விரைவில் இறும். வைரம் பாய்ந்த பகுதியே நீடிக்கும். தேக்கு, வேம்பு, இலுப்பை ஆகியவற்றின் வைரம் நல்லது. கோயில் தேர்களுக்கு இலுப்பை பயன்படுவதும் அதன் உறுதி கருதியே. மாமரம் ஈரம்படும் இடத்திற்கு உதவாது. பச்சை மரத்தைக் குறுக்குச் சட்டம் வைத்து, காற்றோட்டமுள்ள நிழலில் அடுக்கிக் காயவைத்த பின்னரே பயன்படுத்தவும். தொழுவத்திற்குப் புதிதாகத் தூண் நடுவோர் மேலூர்ப் பக்கம் கிடைக்கும் கல்தூணை நடுவதே சாலச் சிறந்தது.

ஆண்டுதோறும் புரட்டாசியில், மழைக்கு முன்பாக, உடைந்த ஓட்டை மாற்றி, தொழுவத் தரையின் சரிவையும் வடிகாலையும் சீர் செய்து, தூண்களை ஆணியால் குத்திப் பார்க்கவும். அரைநாள் வேலைதான். இதனால் தூணும் கூரையும் பல ஆண்டுகள் நிற்கும். அடைமழை இரவிலும் மாடுகள் தொழுவத்தில் பத்திரமாக இருக்கும்.