ஹாரி பாட்டரை யார் வேண்டுமானாலும் எழுதலாமா?

புகழ்பெற்ற நாவல் ஒன்றின் பாத்திரங்களையும் கதைக்களத்தையும் எடுத்துக்கொண்டு, அதன் வாசகர்களே புதிதாக எழுதும் கதைகளுக்கு ‘ஃபேன் ஃபிக்‌ஷன்’ என்று பெயர். ரசிகர் புனைவு எனலாம். பெரும்பாலும் புனைபெயரில், காசு எதிர்பாராமல் எழுதப்படுபவை இவை. ஹாரி பாட்டரை வைத்து மட்டும் லட்சக்கணக்கில் இருக்கின்றன. மூல ஆசிரியர்களில் சிலருக்கு இது பெருமை. சிலருக்குப் பகல் கொள்ளை.

இந்த எரிச்சலுக்கு வயது நானூறுக்கு மேல். செர்வாண்டிஸ் எழுதிய ‘டான் கிஹோட்டே’ நாவலின் முதல் பாகம் 1605-இல் வெளியானது. அவர் இரண்டாம் பாகத்தை எழுதி முடிப்பதற்குள், 1614-இல் அவெயானேடா என்ற புனைபெயரில் ஒருவர் தானாகவே ஓர் இரண்டாம் பாகத்தை அச்சிட்டுவிட்டார். பதிப்புரிமைச் சட்டம் என்று ஒன்று அப்போது கிடையாது. இங்கிலாந்தில் முதல் சட்டம் வரவே 1710 ஆயிற்று. செர்வாண்டிஸ் பேனாவாலேயே பழி தீர்த்தார். 1615-இல் வந்த அசல் இரண்டாம் பாகத்தில், போலிப் புத்தகத்தைப் பற்றி டான் கிஹோட்டே ஒரு சத்திரத்தில் கேள்விப்படுகிறான். போலிக் கதையில் தான் சரகோசா போனதாக எழுதியிருப்பதை அறிந்ததும், அந்த ஊருக்கே போகாமல் பார்சிலோனா பக்கம் திரும்பிவிடுகிறான். கடைசியில் அவனைச் சாகடித்து, வேறு யாரும் தொட முடியாதபடி செய்துவிட்டார் ஆசிரியர்.

நேர் எதிர் சுபாவம் ஆர்தர் கானன் டாயிலுக்கு. ஷெர்லாக் ஹோம்ஸை மேடையேற்றிய அமெரிக்க நடிகர் வில்லியம் ஜில்லெட், நாடகத்தில் ஹோம்ஸுக்குத் திருமணம் செய்து வைக்கலாமா என்று தந்தி அடித்துக் கேட்டார். திருமணம் செய்தாலும் கொலை செய்தாலும் உம் இஷ்டம் என்ற பொருளில் பதில் போனது. ஹோம்ஸ் கதைகளில் டாயிலுக்கே சலிப்பு வந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்றைய சட்டப்படி ஒரு படைப்பைத் தழுவி எழுதும் உரிமை மூல ஆசிரியருக்கே உரியது. அமெரிக்கச் சட்டம் ‘நியாயமான பயன்பாடு’ என்றொரு விலக்கு தருகிறது. பயன்பாடு லாபத்துக்கா, மூலத்துக்குப் புதிய பொருள் தருகிறதா, எவ்வளவு எடுக்கப்பட்டது, மூலத்தின் விற்பனையைப் பாதிக்குமா என்று நீதிமன்றம் பார்க்கும். இலவச ரசிகர் புனைவு இந்த விலக்குக்குள் அடங்குமா என்பதை அங்கே எந்தப் பெரிய தீர்ப்பும் முடிவுசெய்யவில்லை. தன் வாசகர் மீதே வழக்குப் போட எந்த எழுத்தாளர் விரும்புவார்? ஒரு நோட்டீஸ் வந்தால் எழுதியவரும் கதையை எடுத்துவிடுவார்.

ஆகவே நடைமுறையில் சட்டத்தைவிட ஆசிரியரின் மனப்போக்கே பெரிது. வாம்பயர் நாவல்களால் புகழ்பெற்ற ஆன் ரைஸ், தன் பாத்திரங்களைத் தொடக்கூடாது என்று 2000-இல் பகிரங்கமாக அறிவித்தார். பிற்காலத்தில், படிக்காமல் ஒதுங்கிக்கொள்வது எளிது என்று அவரே தணிந்துபோனார். நாவலாசிரியர்களான டயானா கேபல்டானும் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினும் 2010-இல் வெளிப்படையாக எதிர்த்தார்கள். மார்ட்டின் காட்டிய உதாரணம் சுவையானது: டார்ஜானைக் கட்டிக்காத்த எட்கர் ரைஸ் பரோஸ் செல்வந்தராக இறந்தார், தன் கற்பனை உலகைப் பிறருக்குத் திறந்துவிட்ட திகில் கதை எழுத்தாளர் லவ்கிராஃப்ட் வறுமையில் இறந்தார். ஆனால் லவ்கிராஃப்டின் பெயர் இன்றும் நிலைப்பதில் அந்தப் பிறருக்கும் பங்கு உண்டு. மார்ட்டினின் கணக்கில் அது வரவில்லை.

எதிர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் இன்னொரு காரணம், கண்டுகொள்ளாமல் விட்டால் பதிப்புரிமையே பறிபோகும் என்பது. இது தவறு. பாதுகாக்காவிட்டால் வலுவிழப்பது வணிகமுத்திரை. பதிப்புரிமை அப்படிப் போய்விடாது.

ஹாரி பாட்டரின் ஆசிரியர் ஜே. கே. ரௌலிங் நடுவழி எடுத்தவர். எழுதலாம், ஆனால் விற்கக்கூடாது, ஆபாசம் கூடாது என்பது அவர் தரப்பின் நிபந்தனை. அந்தக் கோட்டின் கூர்மை ‘ஹாரி பாட்டர் லெக்சிகன்’ வழக்கில் தெரிந்தது. பள்ளி நூலகர் ஒருவர் இணையத்தில் இலவசமாகத் தொகுத்த அகராதி அது. ரௌலிங் அதைப் பாராட்டினார். தான் எழுதும்போது விவரம் சரிபார்க்கக்கூட அதைப் பயன்படுத்தியதாகச் சொன்னார். அதுவே அச்சுப் புத்தகமாக விற்பனைக்கு வரப்போகிறது என்றதும் வழக்குத் தொடுத்தார். 2008-இல் நியூயார்க் நீதிமன்றம் நூலுக்குத் தடை விதித்து 6,750 டாலர் இழப்பீடு வழங்கியது. ஆனால் இத்தகைய துணைநூல்களையே தடுக்கும் உரிமை ஆசிரியருக்கு இல்லை என்றும் சொன்னது. மூலத்தின் வரிகளைக் குறைத்துத் திருத்திய பதிப்பு 2009-இல் வெளிவந்தது.

இந்தியாவிலும் இதே கோடுதான். 2007 துர்கா பூஜைக்குக் கொல்கத்தா சால்ட் லேக்கில் ஹாக்வார்ட்ஸ் பள்ளியைப் போலவே பந்தல் எழுப்பினார்கள். ரௌலிங் தரப்பு டெல்லி உயர் நீதிமன்றத்தில் 20 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டது. லாப நோக்கம் இல்லை என்பதால் அந்த ஆண்டுப் பந்தலை நீதிமன்றம் அனுமதித்தது. இனிமேல் அனுமதி பெற வேண்டும் என்றது. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, தன் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையையும் ஆசிரியருக்குத் தருகிறது.

தமிழில் தொடர்ச்சி எழுதுவது புதிதல்ல. ‘பொன்னியின் செல்வ’னைத் தொடர்ந்து விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். கல்கியின் எழுத்துகள் இப்போது நாட்டுடைமை. வந்தியத்தேவனை யார் வேண்டுமானாலும் குதிரையேற்றலாம். ஆனால் சுஜாதா 2008-இல் காலமானவர். ஆசிரியரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு என்பது இந்தியச் சட்டக் கணக்கு. எனவே அவருடைய பாத்திரங்களான கணேஷ்–வசந்தை வைத்துக் கதை எழுதி விற்க நினைப்பவர், 2068 முடியும்வரை உரிமையாளர்களிடம் கேட்டுவிட்டு எழுதுவதே பாதுகாப்பு.