மீடியா பிளேயரும் திறவுகோலும்

பாட்டனாரின் குரல், திருமணக் காட்சி, சான்றோர் ஆற்றிய உரை ஆகியன யாவும் இன்று நம் இல்லங்களில் கணினிக் கோப்புகளாக உறைகின்றன. அவற்றைத் தொலைக்காட்சித் திரையில் இயக்கிக் காட்டும் கருவியே மீடியா பிளேயர். அதனை வாங்குங்கால் விலையையும் தோற்றத்தையும் ஆராயும் நாம், உள்ளிருக்கும் மென்பொருள் எவர் ஆட்சிக்கு உட்பட்டது என ஆராய்வதில்லை. ஆராயின் நலம் பலவாகும்.

மென்பொருளின் மூலநிரலை எவரும் பயிலவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமை நல்குவது திறந்த மூலநிரல் மென்பொருள் எனப்படும். உற்பத்தியாளர் கைவிட்ட பின்னரும் அஃது அழிவதில்லை. ‘கோடி’ என்னும் மென்பொருளே இதற்குச் சான்று. 2002இல் எக்ஸ்பாக்ஸ் என்னும் விளையாட்டுக் கருவிக்கென அது தோன்றியது. அந்த முதற்கருவியின் விற்பனை நின்று ஆண்டுகள் பல கடந்தும், 2014இல் இன்றைய பெயரைப் பெற்று, பலவகைக் கணினிகளிலும் அம்மென்பொருள் இயங்கி வருகிறது. ‘விஎல்சி’ என்பதோ, பிரான்சு நாட்டுப் பொறியியற் கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கிய பணியின் விளைவு. 2001இல் கல்லூரியின் இசைவோடு கட்டற்ற உரிமத்தின்கீழ் உலகுக்கு வழங்கப்பட்டது. மாணவர் முயற்சி எத்துணை உயரும் என்பதற்கு இதனினும் எடுத்துக்காட்டு வேண்டுமோ?

ஆயினும், மூலநிரல் வெளியிடப்பட்டிருப்பது மட்டும் போதாது. அமெரிக்காவில் 1999 முதல் விற்கப்பட்ட ‘டிவோ’ என்னும் ஒளிப்பதிவுக் கருவி லினக்சைக் கொண்டு இயங்கியது. அதன் நிறுவனம் உரிமத்தின்படி நிரலை வெளியிட்டது. ஆனால், உரியவர் அந்நிரலைத் திருத்திப் பொருத்தினால் கருவி அதனை ஏற்க மறுத்தது. வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டுத் திறவுகோலைத் தாமே வைத்துக்கொண்டது போன்ற செயல் அது. இத்தகைய தடையை விலக்கவே, 2007இல் வெளிவந்த குனூ பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் தனி விதி சேர்க்கப்பட்டது.

எனவே, வாங்குமுன் மூன்று வினாக்களை நாம் எழுப்புதல் வேண்டும். நாம் விரும்பும் மென்பொருளை இக்கருவியில் நிறுவ இயலுமா? ஃபிளாக், மெட்ரோஸ்கா போன்ற கட்டற்ற கோப்பு வடிவங்களை இது இயக்குமா? இணையத் தொடர்பும் பயனர் கணக்கும் இன்றி நம் கோப்புகளைத் திறக்குமா? ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் ‘லிப்ரெஎலெக்’ நிறுவிப் பயன்படுத்துவது இம்மூன்றுக்கும் ஒத்துவரும் எளிய வழியாகும்.

இதிலும் குறைகள் உண்டு. அக்கணினியைத் தொடக்கிவைக்கும் உள்நிரல் முற்றும் திறந்ததன்று. காப்புப் பூட்டிட்ட கட்டணத் திரைப்படச் சேவைகள் இதில் முழுத் தரத்துடன் இயங்காமலும் போகலாம். அவையே முதன்மைத் தேவையாயின் வேறு கருவி நாடுதல் தகும். ஆனால், நம் முன்னோர் குரலை நம் பேரர் கேட்க வேண்டுமெனில், திறவுகோல் நம் கையில் இருக்கும் கருவியையே நாம் தேர்தல் வேண்டும்.