தரவுத்தளப் பயனர் கடவுச்சொல் மேலாண்மை

தரவுத்தளப் பயனர் கடவுச்சொல் மேலாண்மை என்பது, தரவுத்தள மேலாண்மை முறைமை ஒன்றில் கணக்கு வைத்துள்ள பயனர்களுக்குக் கடவுச்சொல் வழங்குதல், அதனைப் பாதுகாப்பாகச் சேமித்தல், உரிய வேளையில் மாற்றுதல், மறந்தபோது மீட்டமைத்தல், தேவையற்ற கணக்குகளை நீக்குதல் ஆகிய பணிகளின் தொகுப்பு ஆகும். மைஎஸ்கியூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ்கியூஎல், ஆரக்கிள் முதலிய முறைமைகள் ஒவ்வொன்றும் இதற்குத் தமக்கெனச் சில வழிமுறைகளைக் கொண்டுள்ளன. ஆயினும் அவற்றின் அடிப்படைக் கருத்துகள் பெரும்பாலும் ஒன்றே.

விளக்கத்திற்காக இக்கட்டுரையில் ஒரு கற்பனை எடுத்துக்காட்டு பயன்படுத்தப்படுகிறது. விழுப்புரத்தில் தலைமையிடமும், அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திண்டிவனத்தில் குருதி மாதிரி பெறும் கிளையும் கொண்ட ஒரு சிறிய மருத்துவ ஆய்வகத்தைக் கருதுக. தரவுத்தள வழங்கி விழுப்புரத்தில் உள்ளது. திண்டிவனக் கிளையின் கணினி இணையம் வழியாக அதனுடன் இணைகிறது. தரவுத்தளத்தில் நோயாளிகளின் பெயர், தொலைபேசி எண், ஆய்வு முடிவுகள் ஆகியன உள்ளன. இத்தரவுத்தளத்தின் கடவுச்சொல் கசிந்தால் ஒருவரது நோய் பற்றிய செய்தி ஊரறியப் பரவக்கூடும். முடிவுகளை யாரேனும் திருத்தினால் தவறான மருத்துவமும் நேரக்கூடும்.

இரு வகைக் கடவுச்சொற்கள்

தொடக்க நிலை மாணவர்கள் இரு வேறு கடவுச்சொற்களை ஒன்றெனக் குழப்பிக்கொள்வது உண்டு.

முதலாவது, தரவுத்தளப் பயனரின் கடவுச்சொல். இது தரவுத்தள வழங்கியில் நுழைவதற்கு உரியது. நிருவாகியும் செயலிகளும் இதனைப் பயன்படுத்துகின்றனர். இதனைச் சரிபார்ப்பது தரவுத்தள முறைமையே.

இரண்டாவது, செயலிப் பயனரின் கடவுச்சொல். ஆய்வகத்தின் வலைத்தளத்தில் தம் முடிவைக் காண நுழையும் நோயாளியின் கடவுச்சொல் இவ்வகையைச் சேரும். தரவுத்தளத்தைப் பொறுத்தவரை இது ஓர் அட்டவணையில் உள்ள சாதாரணத் தரவு மட்டுமே. இதனைப் பாதுகாக்கும் பொறுப்பு செயலியை எழுதும் நிரலருடையது.

வரலாறு

கணினியில் கடவுச்சொல்லின் பயன்பாடு, 1961இல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் செய்துகாட்டப்பட்ட நேரப்பகிர்வு முறைமையுடன் தொடங்கியதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. அம்முறைமையில் கடவுச்சொற்கள் ஒரு கோப்பில் உள்ளவாறே சேமிக்கப்பட்டன. 1960களில் ஒரு நாள், மென்பொருள் வழுவினால் வரவேற்புச் செய்திக்கு மாற்றாக அக்கோப்பு முழுவதும் ஒவ்வொரு பயனரின் முனையத்திலும் அச்சாயிற்று. கடவுச்சொல்லை உள்ளவாறே சேமிக்கலாகாது என்பதற்கு இது தொடக்ககாலச் சான்றாகும்.

1979இல் ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் ஆகியோர் யுனிக்ஸ் இயங்குதளத்தின் கடவுச்சொல் பாதுகாப்பைப் பற்றி வெளியிட்ட ஆய்வுரை, ஒருவழிச் சார்பையும் "உப்பு" எனப்படும் கூடுதல் மதிப்பையும் பயன்படுத்தும் முறையை விளக்கியது. இன்றைய முறைகளும் இதே அடித்தளத்தில் அமைந்தவையே.

முறைமையுடன் சேர்ந்தே வரும் இயல்புநிலைக் கடவுச்சொற்கள் நீண்ட காலம் பெரும் சிக்கலாக இருந்தன. ஆரக்கிள் தரவுத்தளத்தில் ஸ்காட் என்னும் பயனருக்கு டைகர் என்பது கடவுச்சொல்லாக இருந்தது. ஸ்காட் என்பது அந்நிறுவனத்தின் தொடக்ககாலப் பொறியாளர் புரூஸ் ஸ்காட்டைக் குறிக்கும். டைகர் என்பது அவர் வீட்டுப் பூனையின் பெயர். மைஎஸ்கியூஎல்லின் பழைய பதிப்புகளில் முதன்மைப் பயனரான ரூட்டுக்கு நிறுவும்போது கடவுச்சொல்லே இராது. 2015இல் வெளிவந்த 5.7 பதிப்பிலிருந்தே, நிறுவும்போது தற்காலிகக் கடவுச்சொல் ஒன்றை முறைமை தானே உருவாக்கி, முதல் நுழைவில் அதனை மாற்றுமாறு கட்டாயப்படுத்தும் வழக்கம் வந்தது.

2017 சனவரியில், கடவுச்சொல் ஏதுமின்றி இணையத்தில் திறந்து கிடந்த பல்லாயிரம் மாங்கோடிபி தரவுத்தளங்களின் தரவு அழிக்கப்பட்டு, மீட்புப் பணம் கேட்கும் குறிப்புகள் வைக்கப்பட்டன. இதற்கு நுட்பமான தாக்குதல் எதுவும் தேவைப்படவில்லை. கதவு திறந்தே இருந்தது.

சேமிக்கும் முறை

நல்ல முறைமை கடவுச்சொல்லை உள்ளவாறே சேமிப்பதில்லை. ஒருவழிச் சார்பினால் அதனை மாற்றிப் பெறப்படும் மதிப்பையே சேமிக்கிறது. இம்மதிப்பு ஹாஷ் எனப்படும். கடவுச்சொல்லிலிருந்து ஹாஷைக் கணிப்பது எளிது. ஹாஷிலிருந்து கடவுச்சொல்லைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். பயனர் நுழையும்போது அவர் தரும் சொல்லின் ஹாஷ் கணிக்கப்பட்டுச் சேமித்த மதிப்புடன் ஒப்பிடப்படுகிறது.

இதில் ஒரு குறை உண்டு. இருவர் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தால் இருவரின் ஹாஷும் ஒன்றாகவே இருக்கும். தாக்குபவர் பொதுவான சொற்களின் ஹாஷ்களை முன்கூட்டியே கணித்துப் பட்டியலிட்டு ஒப்பிடலாம். இதனைத் தடுக்க, ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு தற்போக்கு மதிப்பைச் சேர்த்து ஹாஷ் கணிக்கப்படுகிறது. இதுவே உப்பு. உப்பு வேறாயின் ஒரே சொல்லின் ஹாஷும் வேறாகிவிடும்.

முறைமைகளில் இம்முறை படிப்படியாக வளர்ந்தது:

* மைஎஸ்கியூஎல் 4.1 பதிப்பிலிருந்து எஸ்எச்ஏ-1 சார்பை இருமுறை பயன்படுத்தியது. ஆனால் உப்பு இல்லை. 2018இல் வந்த 8.0 பதிப்பில், உப்புடன் கூடிய எஸ்எச்ஏ-2 முறை இயல்புநிலையாயிற்று. 2024இல் வந்த 9.0 பதிப்பில் பழைய முறை முற்றிலும் நீக்கப்பட்டது.
* போஸ்ட்கிரெஸ்கியூஎல் நெடுங்காலம் எம்டி5 முறையில் பயனர் பெயரையே உப்பாகப் பயன்படுத்தியது. ஆதலால் பயனரின் பெயரை மாற்றினால் கடவுச்சொல்லும் செல்லாமற் போகும். 2017இல் 10ஆம் பதிப்பில் ஸ்கிராம் என்னும் வலுவான முறை அறிமுகமாகி, 2021இல் 14ஆம் பதிப்பில் இயல்புநிலையாயிற்று.

செயலிப் பயனரின் கடவுச்சொல்லுக்கு எஸ்எச்ஏ போன்ற விரைவான சார்புகள் மட்டும் போதா. 1999இல் வெளிவந்த பிகிரிப்ட், 2015இல் கடவுச்சொல் ஹாஷ் போட்டியில் வென்ற ஆர்கான்2 போன்றவை வேண்டுமென்றே மெதுவாக இயங்குமாறு அமைக்கப்பட்டவை. உண்மையான பயனருக்கு நொடியின் சிறு பகுதி தாமதம் பொருட்டன்று. கோடிக்கணக்கான சொற்களை முயன்று பார்க்கும் தாக்குபவருக்கு அது பெருஞ்சுமை.

2009 திசம்பரில் ராக்யூ நிறுவனத்தின் தரவுத்தளத்திலிருந்து ஏறத்தாழ 3.2 கோடிக் கடவுச்சொற்கள் கசிந்தன. அவை உள்ளவாறே சேமிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்டது 123456 என்பதாகும். 2012இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து உப்பில்லாத ஹாஷ்கள் சுமார் 65 இலட்சம் வெளியாயின. அவற்றுட் பெரும்பாலானவற்றின் கடவுச்சொற்கள் விரைவிலேயே கண்டறியப்பட்டன.

பயனரும் இடமும்

மைஎஸ்கியூஎல், மரியாடிபி ஆகியவற்றில் ஒரு கணக்கு என்பது பயனர் பெயர் மட்டுமன்று. அவர் எக்கணினியிலிருந்து இணைகிறார் என்பதும் சேர்ந்ததே கணக்கு. இதனை அறியாமையே "கடவுச்சொல்லை மாற்றியும் நுழைய முடியவில்லை" என்னும் முறையீட்டுக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று.

மேற்கண்ட ஆய்வகத்தில் "கிளை" என்னும் பயனர், வழங்கியிலிருந்தே இணைவதற்கு ஒரு கணக்கும், % குறியிட்டு எவ்விடத்திலிருந்தும் இணைவதற்கு மற்றொரு கணக்கும் பெற்றிருப்பதாகக் கொள்வோம். இவை இரண்டும் தனித்தனிக் கணக்குகள், கடவுச்சொற்களும் தனித்தனி. விழுப்புரத்தில் வழங்கியின் முன் அமர்ந்து முதலாவதன் கடவுச்சொல்லை மாற்றிய நிருவாகி, அங்கேயே சோதித்து மனநிறைவடைவார். திண்டிவனத்திலோ பழைய கடவுச்சொல்லே செல்லும், புதியது செல்லாது. எனவே மாற்றுவதற்கு முன், அப்பெயரில் எத்தனை கணக்குகள் உள்ளன என்பதை மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பயனர் அட்டவணையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

% குறி வசதியானது; ஆனால் உலகின் எக்கணினிக்கும் முயன்று பார்க்க வாய்ப்பளிக்கிறது. கிளையின் முகவரியை மட்டும் அனுமதிப்பதோ, மறையாக்கப்பட்ட தனியார் பிணையம் வழியாக இணைப்பதோ நன்று.

கணக்கின் உரிமைகளும் கடவுச்சொல்லைப் போலவே இன்றியமையாதவை. திண்டிவனக் கிளை புதிய பதிவு சேர்க்கவும் முடிவுகளைப் படிக்கவும் மட்டுமே வேண்டும். அட்டவணையை நீக்கும் உரிமை அதற்குத் தேவையில்லை. எல்லாச் செயலிகளும் ரூட் கணக்கையே பயன்படுத்தும் வழக்கம் தவிர்க்கப்பட வேண்டும்.

கடவுச்சொல்லை மாற்றுதல்

மைஎஸ்கியூஎல்லில் ஆல்டர் யூசர் என்னும் கட்டளையும், போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் ஆல்டர் ரோல் என்னும் கட்டளையும் இதற்கு உதவுகின்றன. பழைய பாடநூல்களில் காணப்படும், பயனர் அட்டவணையை நேரடியாகத் திருத்தும் முறையைத் தவிர்க்க வேண்டும். மைஎஸ்கியூஎல்லின் பாஸ்வேர்ட் சார்பு 8.0 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டதால், அவ்வாறு எழுதப்பட்ட கட்டளைகள் இன்று பிழையையே தரும்.

செயலி பயன்படுத்தும் கடவுச்சொல்லை மாற்றும்போது, வழங்கியில் மாற்றிய நொடியிலிருந்து செயலியில் மாற்றும் வரை சேவை நின்றுவிடுகிறது. மைஎஸ்கியூஎல் 8.0.14 பதிப்பிலிருந்து ஒரு கணக்குக்கு இரு கடவுச்சொற்கள் ஒரே வேளையில் செல்லுபடியாகும் வசதி உள்ளது. பழையதை வைத்துக்கொண்டே புதியதைச் சேர்த்து, விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரு இடங்களிலும் செயலியைத் திருத்திய பின் பழையதை நீக்கலாம்.

காலாவதி விதி கவனமாகக் கையாளப்பட வேண்டியது. 2007இல் வந்த ஆரக்கிள் 11ஜி பதிப்பின் இயல்புநிலை அமைப்பில் கடவுச்சொல்லின் ஆயுள் 180 நாள். இதனை அறியாமல் நிறுவப்பட்ட செயலி, ஏறத்தாழ ஆறு மாதத்தின் பின் காரணம் தெரியாமல் நின்றுபோகும். குறித்த காலந்தோறும் கட்டாயமாக மாற்றச் சொல்வதால் பயனர்கள் எளிய சொற்களையே தேர்கின்றனர் என்பதால், கசிவுக்கான அறிகுறி இருந்தாலன்றி அவ்வாறு கட்டாயப்படுத்த வேண்டாம் என அமெரிக்கத் தேசியச் சீர்தர நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டி பரிந்துரைத்தது. ஆயினும் பணியாளர் ஒருவர் விலகும்போது அவரறிந்த கடவுச்சொற்களை அன்றே மாற்றுதல் வேண்டும்.

மறந்த கடவுச்சொல்லை மீட்டமைத்தல்

ஹாஷிலிருந்து கடவுச்சொல்லைத் திரும்பப் பெற இயலாது. எனவே "மீட்டல்" என்பது உண்மையில் புதியதொன்றை அமைத்தலே ஆகும்.

* மைஎஸ்கியூஎல்லில், புதிய கடவுச்சொல்லை அமைக்கும் கட்டளையை ஒரு கோப்பில் எழுதி, தொடங்கும்போது அக்கோப்பை இயக்குமாறு வழங்கிக்குச் சொல்லலாம். பணி முடிந்தபின் கோப்பை அழித்துவிட வேண்டும். அனுமதி அட்டவணைகளைப் புறக்கணித்துத் தொடங்கும் மற்றொரு முறையும் உண்டு. அவ்வேளையில் எவரும் கடவுச்சொல்லின்றி நுழையலாம் என்பதால் பிணைய இணைப்பைத் துண்டித்தே அதனைச் செய்ய வேண்டும்.
* போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில், நுழைவு விதிகள் அடங்கிய அமைவுக் கோப்பில் உள்ளக இணைப்பைத் தற்காலிகமாக நம்பிக்கை முறைக்கு மாற்றி, கடவுச்சொல்லை அமைத்தபின் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். திருப்ப மறப்பதே இம்முறையின் பெரும் இடர்.
* ஆரக்கிளில், இயங்குதளத்தின் நிருவாகக் குழுவைச் சேர்ந்த பயனர் கடவுச்சொல்லின்றி நுழைந்து பிற கணக்குகளை மாற்றலாம்.

இம்மூன்றும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன: கணினியின் மேல் முழு அதிகாரம் உடையவருக்குத் தரவுத்தளத்தின் மேலும் முழு அதிகாரம் உண்டு. எனவே வழங்கி வைக்கப்பட்டுள்ள அறையின் பூட்டும் கடவுச்சொல் மேலாண்மையின் ஒரு பகுதியே.

பிழைச் செய்திகள்

மைஎஸ்கியூஎல்லின் 1045ஆம் பிழை, நுழைவு மறுக்கப்பட்டதைக் குறிக்கும். அச்செய்தியின் இறுதியில் கடவுச்சொல் பயன்படுத்தப்பட்டதா என்பதற்கு "யெஸ்" அல்லது "நோ" என வரும். "நோ" எனில் செயலி கடவுச்சொல்லை அனுப்பவே இல்லை; அமைவுக் கோப்பைப் பார்க்க வேண்டும். "யெஸ்" எனில் அனுப்பப்பட்ட சொல் தவறாகவோ, இணையும் இடத்துக்குரிய கணக்கு இல்லாமலோ இருக்கலாம்.

ஆரக்கிளில் 01017 என்பது பெயரோ கடவுச்சொல்லோ தவறு என்பதையும், 28000 என்பது கணக்கு பூட்டப்பட்டதையும், 28001 என்பது கடவுச்சொல் காலாவதியானதையும் குறிக்கும்.

உதவி பெறுதல்

கட்டற்ற மென்பொருள்களுக்கான உதவியில் பெரும்பங்கு பயனர் குழுக்களிடமிருந்தே கிடைக்கிறது. சென்னையில் இந்திய லினக்ஸ் பயனர் குழுவும், விழுப்புரத்தில் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவும் தன்னார்வலர்களால் நடத்தப்படுகின்றன. பின்னது ஊரக மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் பயிற்சி அளித்து வருகிறது. விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரு ஊர்களிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியற் கல்லூரிகள் இருப்பதால், இத்தகைய குழு மாணவர்களுக்கு எட்டும் தொலைவில் உள்ளது. தமிழில் கற்க விரும்புவோருக்கு, 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழின் வழி வந்த து. நித்யாவின் "எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்" நூல் பயன்படும்.

உதவி கேட்கும்போது முறைமையின் பெயர், பதிப்பு எண், இயங்குதளம், பிழைச் செய்தியின் முழு வாசகம், அதுவரை செய்து பார்த்தவை ஆகியவற்றைத் தர வேண்டும். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் கூறினால் விடையளிப்பவரால் ஊகிக்க மட்டுமே இயலும்.

அதே வேளையில் அமைவுக் கோப்பையோ திரைப்படத்தையோ பகிரும்போது கடவுச்சொல், வழங்கியின் முகவரி, ஹாஷ், நோயாளிகளின் பெயர் போன்ற உண்மைத் தரவு ஆகியவற்றை நீக்கிவிட வேண்டும். பொதுவிடத்தில் ஒருமுறை வெளியான கடவுச்சொல்லைப் பின்னர் அழித்தாலும் அதன் படிகள் எங்கேனும் எஞ்சியிருக்கலாம். அவ்வாறு வெளியாகிவிட்டால், வெட்கப்பட்டு மறைப்பதை விடுத்து உடனே புதியதாக மாற்றுவதே சரியான செயல்.

சட்டம்

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் 2011இல் வெளியிடப்பட்ட விதிகள், கடவுச்சொல்லையும் மருத்துவப் பதிவுகளையும் உணர்திறன் மிக்க தனிப்பட்ட தகவல்களாக வகைப்படுத்தின. 2022 ஏப்ரலில் இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு வெளியிட்ட ஆணை, தரவுக் கசிவு போன்ற நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் அறிவிக்க வேண்டும் என்கிறது. 2023இல் இயற்றப்பட்ட எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க வழிசெய்கிறது. பிறருடைய தரவைச் சேமிக்கும் பொறுப்பு பெருநிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. இருவர் அமர்ந்து பணிபுரியும் கிளைக்கும் உரியதே.